மூங்கிலுக்குள் எரிந்தவை

குருசுக்குப்பம்,
6.10.2024

தேவதாஸுக்கு,

நம் மலைத்தோட்டத்தின் கீழ் ஓடை மூங்கிலை வெட்டி, டீசல் ஊற்றிக் கொளுத்தினாய். அதற்குள் இருந்த மரத்தவளைகளை உயிரோடு எரித்தாய். உன் தாடையை நான் உடைத்ததை ஊரே பேசுகிறது. இதை ஒருவரும் பேசவில்லை.

கணுவில் உள்ள சிறு துளை வழியே புகுந்து முட்டையிடும் தவளை அது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் தவளை காவலிருக்கும். நெருப்பு வந்தாலும் முட்டையை விட்டு வராது. கணுக்கள் ஒவ்வொன்றாக வெடித்ததை நீ கைகட்டிக்கொண்டு பார்த்தாய். நான் வந்தபோது, பிளந்த துண்டுக்குள் வெந்துபோன தகப்பன், அதன் அடியில் வெந்த முட்டைகள்.

மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். இரண்டாம் அடியை நம் தோட்டக்காரன் பக்கிரி பிடித்துக்கொண்டான். அவன் பிடிக்காவிட்டால் உனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. எனக்கு வருத்தமில்லை.

மேல் ஓடையில் ஒரே ஒரு புதர் மிச்சம் இருக்கிறது. மிச்சத் தவளைகளும் அதில்தான். அதைத் தொடாதே.

சகாயநாதன்

ஆஸ்பத்திரி, புதுச்சேரி
8.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. குழாயில் கஞ்சி. நான்கு பல் போயிற்று. போலீஸ்காரரிடம், பாறையில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் காட்டினேன். "உங்க அண்ணன் மெக்கானிக்கா இருந்தப்ப வண்டியையும் இப்படித்தான் ரிப்பேர் பண்ணாரா?" என்று பிரிஸ்கில்லா கேட்கிறாள். பெண்டாட்டி பேச்சுக்குச் சிரிக்கக்கூட முடியவில்லை.

தவளை என்று ஒருநாளாவது என்னிடம் சொன்னீர்களா? பதினோரு வருஷமாக நீங்கள் சொன்னதெல்லாம், "அந்த மூங்கில் பக்கம் போவாதடா, விரியன் கெடக்குது" என்பதுதான். நம்பினேன். பக்கிரியின் மகள் செந்தமிழ்ச்செல்வி அந்த ஓடையில்தான் தண்ணீர் எடுத்தாள். அவளுக்காகத்தான் கொளுத்தினேன். இப்போது கீழ் ஓடையில் சாம்பல். இனி அவள் மேல் ஓடைக்குத்தான் போக வேண்டும். அந்தப் புதரையும் சனிக்கிழமை கொளுத்தப் பக்கிரியிடம் சொல்லியிருக்கிறேன்.

பாம்பு இருக்கிறதா, இல்லையா? உங்கள் கையால் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
தேவதாஸ்

குருசுக்குப்பம்,
10.10.2024

தேவதாஸுக்கு,

பாம்பு இல்லை. விரியனை நான் அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை. கேமராவோடு அலைகிறவர்களுக்குத் தெரிந்தால் கணுவைப் பிளந்து பார்ப்பார்கள் என்று பயந்து சொன்ன பொய் அது. உன்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டேன். நெருப்பு வைத்தது உன் கை, வைக்கச் சொன்னது என் வாய். பல் போனது உனக்கு.

இந்தத் தாளைப் படித்த கையோடு பிரிஸ்கில்லா பக்கிரிக்குப் போன் செய்ய வேண்டும். பக்கிரி டீசல் கேனைத் தோட்டத்தைவிட்டே எடுத்துப் போக வேண்டும். மேல் புதரில் இனி எப்போதும் கத்தி படக்கூடாது. பக்கிரி வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வர, மேல் ஓடையிலிருந்து குழாய் போடுவது என் பொறுப்பு. வனத்துறைக்கு நான் மனு எழுதுகிறேன், தவளை இருக்கும் இடத்தைச் சொல்லி. நிலம் இருவர் பேரிலும் இருப்பதால் நீயும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலை நான் காவல் நிலையத்துக்குப் போய், அடித்தது நான்தான் என்று எழுதிக் கொடுப்பேன். அவர்கள் வந்து கேட்டால், நீ ஆமாம் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

உன் அண்ணன்,
சகாயநாதன்