வெட்டச் சொன்ன நீலக் கோட்டுகள்

என் கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், பிறகு நீ வேலைக்குப் போகாமல் அங்கே உட்கார்ந்து அழுவாய், எதற்கு.

எங்கள் கம்பெனியில் பிள்ளைகளுக்குக் குளிர்கோட்டு தைத்துக்கொண்டிருந்தோமே, உன் ஊர்க் கடைக்குப் போகிற நீலக் கோட்டு, அதில் முதல் லோடு கப்பலேறிப் போய்விட்டது, இரண்டாவது லோடை மடித்துப் பெட்டியில் அடுக்கின பிறகு கடைக்காரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அங்கே வட்டியை ஏற்றிவிட்டார்களாம், சனங்கள் கையை இறுக்கிக்கொண்டார்களாம், போன லோடே விற்காமல் தொங்குகிறதாம். எங்கேயோ யாரோ வட்டியை ஏற்றினால் இங்கே எங்கள் மிஷின் எதற்கடி நிற்க வேண்டும்? முதலாளியும் ஆடிப்போய்விட்டார், பாவம், நம் பணத்தின் மதிப்பு விழுந்ததில் வெளியிலிருந்து வாங்கின துணியும் ஜிப்பும் யானை விலை. அப்பாவின் சர்க்கரை மருந்தும் அதே கதைதான், ஒரு வேளை மருந்தை விட்டுவிடுகிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

சரி, இங்கேயாவது விற்கலாம் என்றால் அதற்கும் விடவில்லை. கழுத்தில் அவர்கள் கடைப் பெயர் போட்ட லேபிள் இருக்கிறதாம், அதனால் ஒன்றுவிடாமல் வெட்டிப் போட்டு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். தைத்த கையாலேயே வெட்டினோம். எல்லாம் வெட்டுப்பட்டதா என்று பார்க்கிற வேலை, செக்கர் என்பதால் என் தலையில் விழுந்தது. உன் சித்தி ஒன்றை மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்திருந்தாள், அவள் சின்ன மகளுக்காம், போன குளிரில் நெஞ்சுச்சளியோடு கிடந்தாளே, அவளுக்கு. ஒன்று குறைந்தாலும் எங்கள் தையல் லைனில் ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். எடுத்து வெட்டினேன், அவள் கண்ணெதிரிலேயே. நீயெல்லாம் ஒரு அக்காவா என்று கேட்டாள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமையோடு லைனையும் மூடிவிட்டார்கள்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், வீட்டுக்கடன் தவணை ஏறிப்போனதால் அங்கே எல்லாரும் பிள்ளைகளுக்குப் பழைய கோட்டையே கைமடிப்பை இறக்கிப் போட்டுவிடுகிறார்கள், நானும் இந்த வருஷம் புதிது வாங்கவில்லை, அம்மா வளர்த்த பிள்ளையாச்சே என்று. படித்துவிட்டுச் சிரித்தேனடி. அப்பா என்னவென்று கேட்டார், நம் பெண் கோட்டு வாங்கவில்லையாம் என்றேன். உன்மேல் கோபமில்லை, சிக்கனமாயிரு என்று காதில் ஓதினதே நான்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நீலக் கோட்டு உன் ஊர்க் கடையில் இன்னும் தொங்கும். போய் ஒன்று வாங்கு. பாக்கெட்டின் மூலையில் தையலைத் திருப்பித் திருப்பி மூன்று முறை ஓட்டியிருந்தால் அது உன் சித்தி தைத்தது, ஒரு தடவை போதும்டி என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், கேட்கவே மாட்டாள். அதையே தேடி எடு. அவள் விலாசத்துக்கே அனுப்பு, நான் சொன்னதாக எழுதாதே, பிரிக்கக்கூட மாட்டாள்.

நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும், அது போதும் எனக்கு. மறந்துவிடாதே, சின்னவளுக்கு ஆறு வயசு, ஒரு சைஸ் பெரிதாகவே எடு, அடுத்த குளிருக்கும் அவளுக்கு அதுதான்.

உன் அம்மா