கம்பெனிக்கு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

பாறசாலை,
27-6-1996

அன்பு மகன் அனந்தகிருஷ்ணனுக்கு அப்பா எழுதுவது. தெய்வ கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், நீயும் புனே மழையில் நனையாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றித்தான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை. அம்மா உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை அஜிதாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெய்யாற்றின்கரையிலிருந்து வருவதாக இருந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான இடம், போட்டோவைப் பார்த்து அவளுக்கும் பிடித்திருந்தது. மத்தியானம், என்னோடு ஆபீசில் இருந்த கிருஷ்ணன்குட்டி அம்பூரியிலிருந்து வந்தான். அவனுடைய பட்டாளத்து மருமகன் கொடுத்த ரம் குப்பி கையில் இருந்தது. இது கம்பெனி சாதனமாக்கும், கலப்படம் கிடையாது என்றான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன் மக்கா. எலே தாணு, நீ குடிக்காண்டாம், சும்மா ஒரு கம்பெனிக்கு இரி போதும் என்றான். எங்களுக்குள் இன்று நேற்றைய கம்பெனியா, முகத்தை முறிக்க முடியுமா? கம்பெனிக்கு இருந்தவன் கம்பெனிக்கு ஒரு கிளாஸ் எடுத்தேன், பிறகு அந்தக் கிளாசுக்குக் கம்பெனியாக இன்னொன்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வந்தவர்கள் முன்னால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். பையனுடைய அப்பா மரியாதையாக, சாரே, மகனுக்கு எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்டார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் மகன் மோட்டார் கம்பெனியில் என்று ஊரெல்லாம் சொல்லி நடக்கிறவன் நான். அன்றைக்கு நாக்கு புரளவில்லை. கம்பெனி, கம்பெனி என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன், எனக்கே சிரிப்பு வந்தது, சிரித்தபடியே நாற்காலியில் தூங்கிவிட்டேன். அஜிதா காப்பித் தட்டோடு வந்து நின்றபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். அவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் தரகர் ரெத்தினதாஸ் வந்து, பெண்ணில் ஒரு குறையும் இல்லையாம், அப்பாவுக்குக் கம்பெனி கொஞ்சம் கூடுதலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள். வெளியே தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது, மழை இல்லாவிட்டாலும் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பால் வாங்கப் போகிறேன். அஜிதா நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை. நேற்று நான் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு தின்னுங்கப்பா, நான் கம்பெனிக்கு இருக்கேன்லா என்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

கிருஷ்ணன்குட்டி மேல் பழி போட மாட்டேன், குடித்தது என் வாய். அங்கே யாராவது சும்மா கம்பெனிக்கு வா என்று கூப்பிட்டால் போகாதே, உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ஓணத்துக்கு எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வா மக்கா. இனி அவளைப் பார்க்க யாராவது வந்தால் முன்னால் அந்த நாற்காலியில் நீ உட்கார வேண்டும். நான் அடுக்களைப் பக்கம் நின்றுகொள்கிறேன்.

நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடும்,

உன் அப்பா,
தாணுலிங்கம்