அண்ணன் சொன்ன ஒரே பொய்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் பாப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று மாதமாக உன் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. உன் சிநேகிதரிடம் மன்றாடித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

வியாபாரிகள் சங்கத்தில் உன் அண்ணனுக்கு நினைவுக் கூட்டம் நடத்துவதாக இருந்தார்கள். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். மெத்தைக் கம்பெனி முதலாளி, ஒவ்வொரு மெத்தையிலும் தானே படுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார். ஒரு தடவை வாங்க வந்தவர் முன்னாலேயே குறட்டை விட்டுவிட்டார், அந்த மனிதர் பேரமே பேசாமல் அதையே தூக்கிக்கொண்டு போனார் என்று எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, கால் மணி நேரம் நாவல் வாசித்துக் காட்டுவாரே, அதையும் எழுதினேன். கதாநாயகி செத்துப்போன அன்று, திண்டுகளுக்குப் பொத்தான் தைக்கும் நம் பொத்தான் அக்கா, "அவள உயிரோட கொண்டு வந்தாத்தான் வேலைக்கு வருவேன், முதலாளி" என்று முறுக்கிக்கொண்டாளாம். இவர் மறுநாள் தானே வேறொரு முடிவு எழுதிக் கொண்டுபோய் வாசித்தார்.

என் மணிக்கட்டு முறிந்தபோது பாப்பாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவர், எலும்பு கூடிய பிறகும் அந்த வேலையை என்னிடம் திருப்பித் தரவில்லை. அதோடு பக்கம் நிறைந்துவிட்டது.

பிறகு அவருடைய வாக்குமூலம் பேப்பரில் வந்தது. கூட்டத்தைத் தள்ளி வைத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். என்றைக்கு என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார்.

நீ ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்து, வராந்தாவோடு திரும்பிவிட்டாய். அதனால் உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். பஞ்சு அறையில்தான் தீப்பிடித்திருக்கிறது. முன்வாசல் வழியாக நாலு பேரை இழுத்து வந்தார். பொத்தான் அக்காவைக் காணவில்லை என்றதும் மறுபடி உள்ளே போனார். அவள் பின்கதவுக்கு ஓடியிருக்கிறாள். அது பூட்டிக் கிடந்தது. நீ அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, சரக்கு கொடுக்கப் போயிருந்தாய். கதவடியிலேயே அவள் கிடந்தாள். ஏழெட்டு அடி தள்ளி இவர்.

பதினோரு நாள் உயிரோடு இருந்தார். விசாரணை அதிகாரி வந்தபோது நான் கட்டிலருகில் இருந்தேன். "பின்கதவ நான்தான் பூட்டச் சொன்னேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பேச்சு குழறவே இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தீப்பிடித்த அன்று காலை நம் வீட்டு வாசலில் அவர் உன்னிடம், "ஆளுங்க உள்ள இருக்கறப்ப பூட்டாதடா" என்றதும், நீ "துணி காணாமப் போகுதுண்ணா" என்று முனகியதும் என் காதில் விழுந்ததுதான்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பெற்றெடுக்காத குறைதான் எனக்கு. யாராவது சாகட்டும் என்று நீ பூட்டவில்லை. அது தெரிந்துதான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பொத்தான் அக்காவின் மகள் வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றாள். "எங்கம்மா உங்க வீட்டுக்காரரப் பத்திப் பேசாத நாளே இல்ல. அவரா பூட்டச் சொன்னாரு? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நம்புறேன்" என்றாள். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பாப்பா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் கத்தரிக்கோலை எடுத்துத் தன் பின்னலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். அப்பா என்ற சொல்லே இப்போது அவள் வாயில் வருவதில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் வருவாள்; அவள் பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். நான் எதுவும் கேட்க மாட்டேன். காலையில் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருமாக நடந்தே போகலாம். எனக்கு முன்னால் உன்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

இப்படிக்கு,
உன் அண்ணி