பட்டாசுக்குப் பயப்படாத நாய்

செப். 28, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு அறந்தாங்கியைத் தாண்டிப் போய்விட்டது. தீபாவளி ஜாக்கெட் மலையாகக் கிடக்கிறது. மேலத்தெரு டீச்சருக்குக் கை இறுக்கம், பிரித்துத் தைக்க வேண்டும். சிவப்பு நூல் தீர்ந்தது.

நாய் வேண்டுமென்று பஞ்சுவைப் பார்க்க நாகுடியிலிருந்து வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற மகள். அந்தப் பிள்ளை வந்ததும் அவனை மடியில் போட்டுக்கொண்டது. கிளம்பும் நேரம் பார்த்து, அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்றேன். அப்பா முகம் சுருங்கிவிட்டது.

"காது கேக்காத நாய வச்சு என்ன பண்றது? திருடன் வந்தாலும் தூங்கிக்கிட்டுல்ல கெடக்கும்."

பிள்ளை அழுதுகொண்டே ஆட்டோ ஏறியது. இதோடு இரண்டு வீடு தட்டிப்போயிற்று. இரண்டும் இந்தக் காதால்தான்.

சாயங்காலம் குவைத்திலிருந்து இவர் போன். டிக்கெட் போட்டாயிற்று, பதினேழாம் தேதி வருகிறார். நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்பதற்கு முன்னால் நாய் போய்விட்டதா என்று கேட்டார். சின்ன வயசில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட மனுஷன். குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனசுக்குள் நாலு வார்த்தை சொன்னேன்.

செப். 30, செவ்வாய்

தீபா போன். மருந்துக் கடையில் நின்றுகொண்டே அடிபட்ட நாய்களுக்கெல்லாம் வீடு தேடுகிறாள், வாட்ஸ்அப் குழுவும் அவளே நடத்துகிறாள். வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள் என்று ஆடியில் கொண்டுவந்து விட்ட ஒற்றை நாயை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். குழுவில் போட பஞ்சுவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னாள். ஜாக்கெட்டுக்குக் காஜா கட்டிக்கொண்டே யோசித்து எழுதியது:

வெள்ளை. ஆண். ஒன்றரை வயது. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. சாது. இடி இடித்தாலும் அசைய மாட்டான். பட்டாசுக்குப் பயப்பட மாட்டான்.

திரும்பப் படித்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அனுப்பிவிட்டேன். தீபா உடனே பதில் போட்டாள். நன்றாக இருக்கிறதாம், ஆனால் காது விஷயத்தை வருகிறவர்களிடம் நேரில் நானே சொல்லிவிட வேண்டுமாம். சரி என்றேன்.

அக். 1, புதன்

ஆயுத பூசை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கத்தரிக்கோலுக்கும் ஒரு பொட்டு. பொரி முழுதும் பஞ்சு வயிற்றில். அவன் நெற்றிக்கும் ஒரு பொட்டு வைத்தேன், நக்கிப் பார்க்க எட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தான். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கறம்பக்குடிப் பக்கமிருந்து போன். சுப்பையா என்று பெயர், தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே வீடு. மகன்கள் திருப்பூரில். மணி என்று ஒரு நாய் இருந்ததாம். போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடியது, திரும்பி வரவே இல்லை. பெண்டாட்டி வள்ளி இன்னும் அதையே சொல்லிச் சொல்லிக் கலங்குகிறாராம்.

"பட்டாசுக்குப் பயப்பட மாட்டான்னு போட்டிருக்கீங்கள்ல, அதப் பாத்துத்தான் தங்கச்சி பேசுறேன்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாங்கண்ணே என்றேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்கு.

அக். 5, ஞாயிறு

போய்விட்டான்.

லோடு ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு பை நிறையத் தேங்காய். பஞ்சு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். நான் "பஞ்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். தரை அதிர்ந்தால் திரும்புவான், நான்தான் பழக்கியது. திரும்பி ஓடிவந்தான். பேர் சொன்னதும் வருகிறானே என்று வள்ளி அக்காவுக்கு அப்படி ஒரு பூரிப்பு. சேலை முனையால் அவன் கண் பீளையைத் துடைத்தார்.

வாயைத் திறந்தேன். அவன் பழைய போர்வையையும் எடுத்துப் போங்கள் என்றுதான் வந்தது.

ஆட்டோ திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடத் தோன்றியது. கூப்பிட்டு என்ன.

தீபா கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அதுவரை பொய் சொல்லவில்லை என்று சமாதானப்படுத்திக்கொள்ள இடம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. இவருக்கு போன் செய்து நாய் போய்விட்டது என்றேன். சந்தோஷப்பட்டார். குக்கர் வேண்டுமா மிக்ஸி வேண்டுமா என்று கேட்டார்.

அக். 7, செவ்வாய்

தூறல். கரண்ட் போய்ப் போய் வந்தது. தையல் ஓடவில்லை. டீச்சர் ஜாக்கெட்டில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படிச் செய்ததே இல்லை.

மனசு கேட்காமல் சுப்பையா அண்ணனுக்கு போன். பஞ்சு சாப்பிடுகிறானாம். கூப்பிட்டால் மட்டும் வருவதில்லையாம். வள்ளி அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டாராம். "எங்களப் புடிக்கலபோல தங்கச்சி."

"போகப் போகப் பழகிருவாண்ணே" என்றேன். இந்த வாயை என்ன செய்வது.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். தோப்பில் பழுதாகி நிற்கும் டிராக்டருக்கு அடியில்தான் பஞ்சு நாள் முழுக்கப் படுக்கிறானாம். ஓடுகிற டிராக்டர் வெள்ளிக்கிழமை தேங்காய் ஏற்ற வருமாம். அதன் நிழலும் இவனுக்கு நிழல்தானே. மற்ற நாய் என்றால் இன்ஜின் உறுமியதும் எழுந்து ஓடும். இது போனை வைத்த பிறகுதான் உறைத்தது என்று எழுதினால் சரியாக இருக்காது. பேசும்போதே உறைத்தது. வைத்துவிட்டேன்.

அக். 9, வியாழன்

நல்ல மழை. வாசலில் தண்ணீர்.

நேற்று முழுக்க போனை எடுப்பதும் வைப்பதும். சொன்னால் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். இவர் வருகிற நேரம். தீபா முகத்தில் எப்படி முழிப்பேன். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். உண்மை என்னவென்றால், அந்த அக்கா முன்னால் ஏமாற்றுக்காரியாக நிற்கக் கூசுகிறது. அவ்வளவுதான். என் கௌரவத்துக்காக ஒரு வாயில்லா ஜீவன் சக்கரத்துக்கு அடியில் படுத்திருக்கிறது.

மத்தியானத்திலிருந்து போன் அடிக்கிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மழைக்கு டவர் போயிருக்கும். நாளைக்கு முதல் பஸ்.

அக். 10, வெள்ளி

கறம்பக்குடி வரை நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து ஆட்டோ. வேகமாகப் போகச் சொல்லி ஓட்டுகிறவரை அரித்துவிட்டேன். ஆஸ்பத்திரி விஷயமா என்று கேட்டார்.

தோப்புக்குள் டிராக்டர் சத்தம். ஓடினேன். பஞ்சு மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிக் கிடந்தான். என்னைப் பார்த்ததும் வாலோடு உடம்பே ஆடியது. சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பேரும் பதறி வந்தார்கள். எழுந்திருக்காமலே சொன்னேன், அவனுக்குக் காது கேட்காது என்று.

"தெரியும்மா" என்றார் வள்ளி அக்கா. "புதன்கெழம தெரிஞ்சுச்சு. அவன் பின்னாடி எவர்சில்வர் அண்டா உருண்டுச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. பாவம், வளத்த ஒங்களுக்கே தெரியலபோலன்னு நெனச்சோம். சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் போன் பண்ணல."

எனக்குத் தெரியும் என்றேன். ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

அக்கா டீ போடுவதாக உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுப்பையா அண்ணன் துண்டை எடுக்கக் கையைத் தூக்கினார். பஞ்சு தூணோடு ஒடுங்கினான். என் வீட்டில் அவன் அப்படி ஒடுங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். துண்டை எடுக்காமலே கையைக் கீழே போட்டார்.

கூட்டிப்போய்விடட்டுமா என்று கேட்டேன். இவர் வந்து கத்தினால் கத்தட்டும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"வேணாம். இங்கிட்டே கெடக்கட்டும். டிராக்டர் வர்ற நாள்ல கட்டிப் போட்டுருவோம். அவ இல்லாம அவன் சாப்புடுறதில்ல இப்ப."

டீ வந்தது. அக்கா டம்ளரை என் கையில் தரவில்லை, பக்கத்துத் திட்டில் வைத்தார். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. குடித்தேன்.

வண்டியில் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார் அண்ணன். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் பேசினார், என்னைப் பார்க்காமல்.

"செவ்வாக்கெழம ஒங்ககிட்ட பேசிட்டு வச்சேனா, அதுக்கப்பறந்தான். எத்தன தடவ கூப்புட்டும் முதுகக் காட்டிக்கிட்டே நின்னான். திமிருன்னு நெனச்சு மட்டையால ஒண்ணு வச்சுட்டேன். சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டேன் தங்கச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன்.