கொடிமலையிலிருந்து ஒரு கேள்வி

கொடிமலை, பினாங்கு
3-3-1924

அன்புள்ள ஹாஜராவுக்கு,

சலாம். மூன்று நாளாக மேகம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை.

பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு இந்த மலையின் பூகோளமும் பூர்வ சரித்திரமும் எட்டுப் பக்கம் கேட்டார்கள். ஒரு வரிகூட நிற்கவில்லை. எது உச்சி என்பதிலேயே குழப்பம். ஊரிலிருந்து பார்த்தால் கொடிக்கம்பம் உள்ள இடம்தான் உச்சி. ஆனால் அதற்கும் மேற்கே, ஊர்க் கண்ணில் படாமல், இன்னொரு குன்று ஏறக்குறைய முந்நூறு அடி கூடுதலாக நிற்கிறது. மேகம் கவியுமுன் ஒருநாள் அங்கே போனேன். மறுபக்கம் பாலிக் புலாவ் தோட்டங்கள். நம் ஊர் தெரியவில்லை.

சரித்திரம் இன்னும் மோசம். கம்பெனிக்காரர்கள் பாதை வெட்டினார்கள், ஸ்டிராபெரி நட்டார்கள், நோயாளிகளைக் குளிர்காற்றுக்கு ஏற்றினார்கள். அதற்கு முன்? மலாய்க்காரர் புக்கிட் பெண்டேரா என்பதும் கொடியைத்தான். கொடிக்கு முன்னால் இதன் பெயர் என்ன? கேட்டால் சிரிக்கிறார்கள்.

இனி உனக்கு மட்டும். நம்மவர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில்தான். எட்டு மாதம் உன் வாப்பா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பசிக்குமுன் சோறு வருகிறது. பேசுமுன் பதில் வருகிறது. அந்த வீட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மலையடியில், ஆயர் ஈத்தாமில், இரண்டு அறை வீடு ஒன்று காலி. வீட்டுக்காரர் இம்மாதக் கடைசிவரை பொறுப்பார். என்னோடு தனியாக வந்து இருப்பாயா?

கமாலுதீன்

*

சூலியா தெரு
8-3-1924

மகா கனம் பொருந்திய கணவர் அவர்களுக்கு ஹாஜரா எழுதிக்கொள்வது.

அல்லாஹ் கிருபையால் இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம். மலையைப் பற்றித் தாங்கள் எழுதியது மிக்க ரசமாயிருந்தது. மலைக்குளிர் ஆகாது; கம்பளி அனுப்பியிருக்கிறோம். நோன்பு பிறக்குமுன் வந்து சேரவும். வாப்பா தினமும் தங்களை விசாரிக்கிறார்.

ஹாஜரா

*

கொடிமலை
12-3-1924

ஹாஜரா,

கம்பளி வந்தது. பதில் வரவில்லை.

உன் எழுத்தை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். இவ்வளவு உறுதியான கையெழுத்து. இந்தக் கை என் கேள்வியை மட்டும் ஏன் தாண்டிப் போகிறது? கோபமா, வெட்கமா?

இங்கே சுப்பையா என்று ஒருவர், பங்களாக் காவல். ரயில் வருமுன் துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றியவர். மலையின் சரித்திரம் கேட்டேன். தோளைத் திறந்து காட்டினார், காய்த்துப் போயிருக்கிறது. முதலில் போட்ட ரயில் ஏறவே இல்லை, அப்போதெல்லாம் நாற்காலி தூக்குகிறவர்களுக்கு ஒரே சிரிப்பு என்றார். போன வருஷம் வந்தது ஏறிவிட்டது. அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "புதுப் பொஞ்சாதிய கீழ விட்டுட்டு மலையோட குடும்பம் நடத்துறியே தம்பி, மலை சோறு போடுமா?" என்றார்.

நீ இல்லாத அறையில் உன் பக்கத்தை விட்டே படுக்கிறேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வருவாயா? ஆம், இல்லை. ஒரு சொல் போதும்.

கமாலுதீன்

*

சூலியா தெரு
16-3-1924

கணவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முன்பு நாற்காலியில் தூக்கிய சங்கதி கேட்டு ஆச்சரியப்பட்டோம். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. தாங்கள் படிக்க மேசை ஒன்றும் வாப்பா வாங்கிப் போட்டிருக்கிறார். இனி எழுத்து வேலைக்கு மலைக்குப் போக அவசியமிராது.

ஹாஜரா

*

கொடிமலை
20-3-1924

ஹாஜரா,

மேசை. சரி.

எட்டுப் பக்கத்தையும் எழுதி முடித்தேன். எதிலும் நிச்சயமில்லாமல் எல்லாவற்றையும் நிச்சயமாக எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள்.

இரண்டு தடவை கேட்டுவிட்டேன். பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். முப்பதாம் தேதி வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்பேன். தைப்பிங்கில் ஒரு வாத்தியார் வேலை இருக்கிறது. தனியாகப் போகிறேன். உன்மேல் வருத்தம் இல்லை. விளங்கவில்லை, அவ்வளவுதான்.

கமாலுதீன்

*

சூலியா தெரு
26-3-1924, புதன்

மச்சான்,

இதுதான் என் எழுத்து. முன்பு வந்த இரண்டும் வாப்பா கை.

ஓதப் படித்த அரபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழில்தான் எனக்கு எழுதப் படிக்க வரும். நீங்கள் எழுதிய தமிழெழுத்து ஒன்றுகூடத் தெரியாது. உங்கள் கடிதங்களை வாப்பாதான் வாசித்துக் காட்டினார். பதிலும் அவரே எழுதினார். கம்பளி மட்டும் நான் சொன்னது. "மாப்பிள்ளை மலையைப் பத்தியேதான் எழுதுறாரு" என்பார். நானும் மலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கடிதத்தில் ஒன்றுமில்லை என்று மடித்துவிட்டார். தாளில் நிறைய எழுத்து இருந்தது. அவர் கடைக்குப் போனதும் மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குணவதி அக்காவிடம் போனேன். அக்கா வாசித்தார். படுக்கையைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வாப்பாவிடம் கேட்டுவிட்டேன். கடிதங்களை வாங்கி ஒவ்வொன்றாக மடித்தார். பிறகு, "உம்மா போனதுக்கப்புறம் உன்னோடதானே சாப்புடுறேன். உன்னையும் அனுப்பிட்டு யார்கூட சாப்புடுறது?" என்றார். அவரை வெறுக்க முடியவில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எட்டு மாதம் ஒரே அறை. பெண்டாட்டி என்ன எழுத்து படிப்பாள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? மலையின் பழைய பெயரை ஊரெல்லாம் கேட்டீர்கள். வாப்பா மறைத்தார். நீங்கள் பார்க்கவே இல்லை. இதில் எது பெரிய குற்றம் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். விளங்கவில்லை.

ஆம் என்றும் இல்லை என்றும் எழுத எனக்கு இப்போது வராது. ஆனால் வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நாளை மறுநாள், வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு, குணவதி அக்காவோடு ஆயர் ஈத்தாம் வருகிறேன். வாப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். இறங்கி வந்து சாவியை வாங்கி வையுங்கள். என்னோடு உள்ளே வர வேண்டாம். அந்த இரண்டு அறையையும் முதலில் நான் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஹாஜரா