குடைக்காரியின் நெற்றிக் குங்குமம்

உ

அன்புள்ள கணேஷ்ராமுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் சித்ரலேகாவும் நானும் நெல்லையப்பர் காந்திமதி புண்ணியத்தில் நலம். உன் நலத்தைப் போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்கிறாய், வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், இரண்டிலும் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன், இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாதல்லவா. இங்கே கார்த்திகை அடைமழை. குறுக்குத்துறைக் கோயிலை ஆறு மூடிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு என்றதும் உன் தங்கை சித்ரா பிளஸ் ஒன் படிக்கிற நினைப்பே இல்லாமல் கொக்கிரகுளம் பாலத்தில் நின்று வெள்ளம் பார்த்துவிட்டு நனைந்து வந்தாள். அப்பாவுக்கு அதே ஆபீஸ், அதே முட்டி வலி. இவ்வளவு மழையிலும் பாளையங்கோட்டைப் புழுக்கம் மட்டும் போகவில்லை, சுவர் வேர்க்கிறது, உப்பு ஜாடி வேர்க்கிறது, உன் அலமாரியில் நிற்கிற ஜப்பான் கார்ட்டூன் பொம்மைகளும் வேர்த்தன. ஃபிகர் என்று சொல்லும்மா என்பாய், அந்த வார்த்தையை வீட்டில் சத்தமாகச் சொல்ல எனக்குக் கூச்சம், பொம்மை என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏன் என்று சொல்கிறேன்.

சரஸ்வதி பூஜைக்கு நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன், முழுசாகக் கேள். சாத்தான்குளத்திலிருந்து உன் சொர்ணாம்பாள் அத்தை வந்திருந்தாள். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன், அவள் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு மிக்ஸி, இன்வெர்ட்டர், அப்பா பைக் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போய் உன் அறைக்குள் நுழைந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணாடி அலமாரியைத் திறந்து வாள்காரன், பூனைக்காதுக்காரி, எந்திரப் பயல், குடைக்காரி என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தாள். நான் வாயில் கைவைத்து நிற்க, அத்தை சொன்னாள்: "ஏளா சங்கரி, பிள்ள படிச்ச ரூம்ல இத்தன பேரு நிக்காவ, கம்ப்யூட்டருக்கு மட்டும் வச்சுட்டு இவுகள விட்டா நல்லாவா இருக்கும்?" அவள் பாசத்தில்தான் செய்தாள், அவளைக் குறை சொல்ல வாயில்லை. உடனே துடைத்திருக்கலாம். ஆனால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், பூஜையில் பொட்டு வைத்த எதையும் மறுநாள் விஜயதசமிக்குத் தீபாராதனை காட்டாமல் தொடமாட்டோம், அரிவாள்மணைகூட அப்படியே கிடக்கும். பாட்டனி படித்தவள் நான், குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும்தான், பட்ட இடத்தில் ஏறும் என்று தெரிந்தும் கை போகவில்லை. மறுநாள் தீபம் காட்டிய கையோடு பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீருமாக உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் போய்விட்டது. குடைக்காரிக்குப் போகவில்லை, நீ முதல்முதலில் வாங்கியவள், கூரியர்காரர் கொடுத்த பெட்டியை நடைவாசலிலேயே உட்கார்ந்து பிரித்தாயே, அவளுக்குத்தான்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். ஒருதடவை சித்ரா குடைக்காரியை ஜன்னல் வெயிலில் மாற்றி வைத்ததற்குச் சாப்பிடாமல் படுத்தவன் நீ. வெயில் ஆகாது, தின்னர் ஆகாது, இன்வெர்ட்டர் பக்கம் ஆகாது என்று ஊருக்குப் போகிற அன்றைக்கும் ஏர்போர்ட் வாசலில் நின்று எனக்குப் பாடம் எடுத்தாய். அப்படிப்பட்டவனிடம் குங்குமம் ஏறிவிட்டது என்று சொன்னால் கத்துவாய் என்று இருந்தேன். நீ பைய, "பரவாயில்லம்மா, எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துருங்க" என்றாய். நீ கத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அப்பாவிடம் சொன்னால், "பய வளந்துட்டாம்ளா, அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே" என்கிறார். வளர்ந்தவனுக்கும் ஒரு சொட்டுக் கோபமாவது வரும். நீ கேமராவை அணைத்து வைத்துத்தான் பேசுகிறாய், என்ன சாப்பிட்டாய் என்றால் பிரெட், எங்கே போனாய் என்றால் எங்கும் இல்லை. ஜெர்மனியில் உன் லைப்சிக்கில் இப்போது நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று நானும் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீ சொன்னதை அப்பா நிஜமாகவே எடுத்துக்கொண்டு சித்ராவிடம் ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார். அவள் வகுப்பில் படிக்கிற முஃபீதாவும் அவள் அம்மா நஃபீஸத்தும் மேலப்பாளையத்திலிருந்து வந்தார்கள். அந்தப் பெண்ணும் உன்னைப் போலத்தான், வீடு நிறைய வைத்திருக்கிறாளாம். "மனுசருக்கு ஃபேன் இல்ல, இவ பொம்மைக்குத் தனி ஃபேன் கேக்குதா" என்று அவள் அம்மா சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முஃபீதா குடைக்காரியின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிசுபிசுக்கிறதே ஆன்ட்டி, அலமாரியைக் காற்றுப் புகாமல் மூடினீர்களா என்று கேட்டாள். மூடினேன்தான். நீ போன பிறகு எறும்பும் தூசியும் ஏறக் கூடாது என்று கதவு இடுக்கெல்லாம் செலோ டேப் ஒட்டி வைத்திருந்தேன். நம்மூர்ச் சூட்டில் அப்படி அடைத்தால் பிளாஸ்டிக்குக்குள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே வந்து மேலேயே தங்கிவிடுமாம், பழையவள் இவள்தான் அதிகம் வேர்த்திருக்கிறாள், அதில் குங்குமம் ஊறிவிட்டது. அப்பா, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போம்மா என்றார். அந்தப் பிள்ளைக்கு ஆசை இல்லாமல் இல்லை, அலமாரியைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஆனாலும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, "போன்ல சொன்னதுக்கெல்லாம் எடுக்கமாட்டேன் அங்கிள். அண்ணன் வந்து தன் கையால தரட்டும், வாங்கிக்கிடுதேன்" என்றாள். அப்பா காப்பியைக் குடித்துக்கொண்டார்.

டேப்பையெல்லாம் உரித்துவிட்டேன். முஃபீதா சொல்லச் சொல்ல அவளும் சித்ராவும் நானுமாகக் கழற்ற முடிந்ததைக் கழற்றி, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டு, குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் ஃபேனுக்கு அடியில் துண்டு விரித்து வரிசையாகக் காயவைத்தோம். நான் பூனைக்காதுக்காரிக்குக் காதுக்குப் பின்னால் அழுந்தத் தேய்க்க, அம்மா அது அழுக்கில்லை, பெயிண்ட் என்று சித்ரா பிடுங்கிக்கொண்டாள். குடைக்காரியின் குடைக்காம்பு சூட்டில் வளைந்து தொங்கியிருந்தது, வெந்நீரில் அமுக்கி நிமிர்த்திப் பச்சைத் தண்ணீரில் போட்டதும் நேராக நின்றுவிட்டது. பிசுபிசுப்பும் போய்விட்டது. நெற்றியில் மட்டும் லேசாக ஒரு சிவப்பு நிற்கிறது. ஏதோ களிம்பு தடவினால் போகுமாம், புருவத்துப் பெயிண்டும் கூடவே போனாலும் போகுமாம். உன்னைக் கேட்காமல் அதைச் செய்ய மாட்டேன்.

இந்தக் கடிதம் உனக்கு வெங்கட்ரமணன் கையால் வரும், உன் கணக்கு சார் கோபாலசுப்பிரமணியன் மகன், உன் ஊருக்கு அடுத்த ஊரில்தான் வேலை, லீவு முடிந்து திரும்புகிறான். பருப்புப்பொடி, சுண்டவத்தல், முறுக்கு எல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லாதே, கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு காப்பி போட்டுக் கொடு. அவனிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னைப் பார்க்காமல் பொட்டலத்தைத் தரக் கூடாது என்று. பகலில் வெளிச்சம் இருக்கிறபோது ஒருதடவையாவது வெளியே நட. காதை மூடிக்கொண்டு போ. படிப்பு ஓடவில்லை என்றாலும் சொல், அங்கே பிடிக்கவில்லை என்றாலும் சொல், அப்பாவிடம் பேசுகிற வேலை என்னுடையது. பொம்மைகளைக் கொடுப்பதானால் நான் தடுக்கவில்லை, அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி வந்து உன் கையால் கொடு.

முருகன் உன்னைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சித்ரா நாக்கைத் துருத்தி ஒழுங்கு காட்டச் சொன்னாள், இரண்டையும் வாங்கிக்கொள். மறக்காமல் ஒன்று. பொட்டலத்தில் புதுக் கம்பளி சாக்ஸ் இருக்கும், அதற்குள் பஞ்சில் சுற்றிக் குடைக்காரியின் குடையை வைத்திருக்கிறேன். அவள் இங்கே வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பங்குனி பிறந்தால் இந்த ஊர் வெயில் உனக்குத் தெரியும், அதற்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்துவிடு. அதுவரைக்கும், குடை கிடைத்ததும் கேமராவைப் போட்டு ஒருதடவை காட்டு, காம்பு வளையாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பிடித்திருக்கிறவனையும் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
சங்கரி மகேஸ்வரன்
பாளையங்கோட்டை