தேக்குத் தரையில் எட்டுத் திட்டு

மாசி 8, வியாழன்
சுள்ளென்று வெயில். சாயம் காய நல்ல நாள். பாளையங்கோட்டை, கணேசன் வீடு. மாடி அறை முழுக்கத் தேக்குப் பலகைத் தரை. துபாயில் யார் வீட்டிலோ பார்த்தாராம். எண்பதாம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு மிஷின் ஓட்டியாச்சு.

கீழ் அறையில் கணேசனின் அப்பா. மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். இப்போது ஞாபகம் தப்புகிறது. போன வாரம் அடுப்பை அணைக்காமல் விட்டாராம். கணேசன் அவர் காதுபடவே: "இன்னும் ஒரு தப்பு செஞ்சீங்கன்னா முதியோர் இல்லத்துல கொண்டு விட்டுருவேன்." பெரியவர் சிரித்தார்.

வாங்க: துடைக்கத் துணி, 180 தாள், தின்னர், டீத்தூள் (வீட்டுக்கு).

மாசி 9, வெள்ளி
மிஷின் எட்டாத கதவு ஓரம். மண்டியிட்டுக் கையால் தேய்ப்பு. முட்டு விட்டுப்போச்சு. படியில் நின்று பார்த்த பெரியவர்,
"ஏலே, முட்டு வலிக்குதோ?"
அவரே பாட்டில் கொண்டுவந்தார். வீட்டில் காய்ச்சிய எண்ணெய், கற்பூர வாடை. "பைய தேய். டிரைவர் முட்டுக்கே கேட்டதுலே."
கைலியை மடித்துக் கட்டித் தேய்த்தேன். சுகம். அப்படியே மண்டியிட்டு மிச்சத்தையும் முடித்தேன்.

மாசி 10, சனி
காலையில் சாயம். வால்நட் கலர். ஜன்னல் பக்கம் அருமை. கதவுப் பக்கம் வெளுத்த திட்டு. ஒன்று, இரண்டு, மொத்தம் எட்டு. அப்பள அளவு, ஜோடி ஜோடியாக. எண்ணெய் குடித்த மரம் சாயம் குடிக்காது. என்னோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லும் முதல் பாடம். மண்டியிட்டுப் பார்த்தேன். முட்டுக்கு முட்டு பொருந்தியது.

இருபது வருஷத்தில் ஒரு திட்டு விட்டதில்லை என்று சொல்லிப் பிடித்த வேலை இது.

கணேசன் வந்தார். "என்னவே இது, தேமல் மாதிரி?" பின்னாலேயே பெரியவர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்து, காது மடலில் இன்னும் பிசுக்கு.
நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். "காலைல நான் வர்றதுக்கு முன்னால, எண்ணெய்க் காலோட இங்கன யாரும் நடந்தாங்களா சார்?"
கணேசன் திரும்பினார். "அப்பா, மேல வந்தீங்களா?"
"வரலியேப்பா." கொஞ்சம் யோசித்து, "வந்தேனோ?"
"விடுங்க சார். அவருக்கு என்ன தெரியும், பாவம்" என்றேன். குரல் நன்றாகவே வந்தது.

மாசி 11, ஞாயிறு
தின்னர் விட்டு எண்ணெயை எடுத்து, அறை முழுக்க மறுபடி தேய்ப்பு. இன்று முட்டில் சாக்கு கட்டிக்கொண்டேன். கீழே கணேசன் போனில்: "திருச்செந்தூர் ரோட்டுல ஒரு இல்லம் இருக்குல்லா, அங்கன ரூம் காலியா இருக்கா?"
சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை படி இறங்கினேன். முதல் தடவை தண்ணீர் கேட்டேன். இரண்டாம் தடவை சாப்பிடப் போனேன். மீன்குழம்பு.

மாசி 13, செவ்வாய்
நேற்று சாயம், பாலிஷ். இன்று இரண்டாம் கோட்டும் காய்ந்தது. ஒரே நிறம். வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தேன். குறையே இல்லை.

பெரியவர் காரில். ஒரு பை, ஒரு தலையணை. என்னைக் கூப்பிட்டார்.
"ஏலே, தரையக் கெடுத்துட்டேனாம்லா. ஞாபகமே வரலலே. மன்னிச்சுக்க."
"பரவால்ல அண்ணாச்சி."
"முட்டு எப்படி இருக்கு? நான் தந்த எண்ணெய் கேட்டுதா?"
கணேசன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டேன்.
"எந்த எண்ணெய் அண்ணாச்சி?"
"தரலியோ?"
"தரலியே."
தலையை ஆட்டிக்கொண்டார். "அதுவும் போச்சா."

சாயங்காலம் திரும்பி வந்த கணேசன் வெறுங்காலோடு மாடியில் நடந்து பார்த்தார். "கீழ் ரூமும் இதே கலர்ல போட்டுருவோம்வே."
பெரியவரின் கட்டிலை நகர்த்தி அளவெடுத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு.